கருவியா, கருத்தாவா? – கேத்தி பெர்பேரியனின் குரற்கலை வாழ்வு

புகழுரைகளுள் சில, புகழப்படுபவரைச் சிறிதாக்கிவிடும் தன்மையுடையன. இத்தாலி நாட்டின் மிலான் நகரில், ராய் வானொலி நிறுவனத்தின் ஒலியியல் கூடத்தில், மின்னணு முறையில் ஒலியை எழுப்பும் அலையியற்றிகள் ஒன்பது இருந்தன. அக்கூடத்தை 1955ஆம் ஆண்டில் புரூனோ மதெர்னாவுடன் சேர்ந்து நிறுவிய இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோ, தம் மனைவியும் பாடகியுமான கேத்தி பெர்பேரியனின் குரலைப் ‘பத்தாவது அலையியற்றி’ என்று பாராட்டியதாகக் கூறுவர். எந்த இயந்திரமும் எழுப்ப இயலாத ஒலிகளை ஒரு பெண்ணின் தொண்டை எழுப்பியது என்னும் வியப்பே அப்பாராட்டின் உட்கிடை. எனினும், இயந்திரங்களின் வரிசையில் மனிதக் குரல் ஒன்று வைத்து எண்ணப்படும்போது, அதனை இயக்குபவர் வேறொருவர் என்பதும் சொல்லாமற் சொல்லப்பட்டுவிடுகிறது.

தமிழ் இலக்கணம் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள் மூன்று வகுத்துள்ளது. ‘வாளால் வெட்டினான்’ என்பதில் வாள் கருவி. ‘தச்சனால் செய்யப்பட்ட தேர்’ என்பதில் தச்சன் கருத்தா. உருபு ஒன்றே, ஆனால் கருவிக்கும் கருத்தாவுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. ‘பெர்பேரியனால் ஆன இசை’ என்று ஒருவர் எழுதினால், அந்த ‘ஆல்’ எப்பொருளில் வந்தது? இருபதாம் நூற்றாண்டின் புதிய இசை வரலாறு நெடுங்காலம் அதனைக் கருவிப் பொருளிலேயே படித்து வந்தது. அவர் வாழ்வை முறையாக நோக்குவார்க்கு அப்படிப்பு பொருந்தாமை புலனாகும்.

ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர்

கேத்தி பெர்பேரியன் 1925 சூலை 4ஆம் நாள் அமெரிக்காவில், மசாசூசெட்ஸ் மாநிலத்து ஆட்டில்பரோ என்னும் சிற்றூரில் ஆர்மீனியப் பெற்றோர்க்குப் பிறந்தார். குடும்பம் 1937இல் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் ஆர்மீனியம், தெருவில் ஆங்கிலம், இசைத்தட்டுகளில் இத்தாலிய இசைநாடகம் என்று மூன்று ஒலியுலகங்கள் அவர் செவியை நிறைத்தன. மாணவப் பருவத்திலேயே ஆர்மீனிய நாட்டுப்புறக் கலைக்குழு ஒன்றை முன்னின்று நடத்தினார். பல்கலைக்கழக வகுப்புகளில் இசையோடு நாடகமும் அபிநயமும் பயின்றார். இயல், இசை, நாடகம் என்னும் மூன்றனையும் பிரித்துப் பாராத பார்வை அவரிடம் இளமையிலேயே வேரூன்றியிருந்தது.

1948இல் பாரிசு சென்று மார்யா பிராய்ண்ட் அம்மையாரிடம் பயின்றார். இவ்வாசிரியர், பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட குரலை வேண்டும் ஷேன்பர்க்கின் ‘பியரோ லூனர்’ என்னும் படைப்பைப் பிரான்சில் அரங்கேற்றிப் புகழ்பெற்றவர். அடுத்த ஆண்டு பெர்பேரியன் மிலான் இசைக் கல்லூரியை அடைந்து, ஜார்ஜினா டெல் வீகோவிடம் பழைய இத்தாலியக் குரலிசை மரபைக் கற்றார். புதுமையின் பெயரால் பின்னாளில் அவர் செய்தன அனைத்துக்கும் இம்மரபுப் பயிற்சியே அடித்தளம். மரபைக் கல்லாதவர் மரபை மீறினார் என்று அவரைக் குறித்து எவரும் கூற இயலாது.

புல்பிரைட் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் குரற்பதிவு ஒன்று தேவைப்பட்டது. பியானோ வாசிக்க ஒருவரைத் தேடியபோது அறிமுகமானவர் அக்கல்லூரி மாணவர் பெரியோ. உதவித்தொகையும் கிடைத்தது. 1950 அக்டோபரில் இருவரும் மணந்துகொண்டனர். 1953இல் பெண் மகவு பிறந்தது. ஜேம்ஸ் ஜாய்ஸின் பாடல்களுக்குப் பெரியோ அமைத்த ‘சேம்பர் மியூசிக்’ அவ்வாண்டிலேயே அவருக்கென எழுதப்பட்டது. எனினும் பொதுமேடையில் அவரது முறையான அரங்கேற்றம் 1957ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் நகரில்தான் நிகழ்ந்தது. அப்போது அவருக்கு அகவை முப்பத்திரண்டை நெருங்கியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் இல்லறத்திலும் குழந்தை வளர்ப்பிலும் கழிந்தன.

குரலே மண், குரலே குடம்

அக்காலத்தில் மிலான் வானொலியில் பணியாற்றிய இளம் அறிஞர் உம்பெர்ட்டோ எக்கோ. அவரும் பெரியோவும் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றிய ஆய்வில் ஈடுபட்டனர். ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ புதினத்தில் சைரன்கள் என்னும் பதினொன்றாம் பகுதியின் தொடக்கம் அவர்களை ஈர்த்தது. ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எடுத்துத் தொடரும் ‘பியூக்’ என்னும் இசைவடிவத்தை ஒட்டி அப்பகுதியை அமைத்ததாக ஜாய்ஸே கூறியிருந்தார். எழுத்தில் இசையாக விரும்பிய அதனை மெய்யாகவே இசையாக்க முனைந்ததன் விளைவே 1958இல் தோன்றிய ‘தேமா – ஜாய்ஸுக்கு அஞ்சலி’.

இப்படைப்பில் மின்னணுக் கருவிகள் பிறப்பித்த ஒலி ஏதும் இல்லை. பெர்பேரியன் ஜாய்ஸின் உரைநடையைப் படிக்கிறார். அவ்வளவே மூலப்பொருள். பின்னர் அக்குரல் ஒலிநாடாவில் வெட்டப்பட்டு, ஒட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்படுகிறது. சொல் சிதைந்து அசையாகிறது. அசை சிதைந்து எழுத்தாகிறது. உரசொலிகள் மட்டும் தனித்தெழுந்து கடலலைபோல் பரவுகின்றன. பொருள் எவ்விடத்தில் முடிந்து ஒலி எவ்விடத்தில் தொடங்கியது என்று கேட்பவரால் கோடு கிழிக்க முடிவதில்லை.

இலக்கணம் கருவியையும் இரண்டாகப் பகுக்கும். குடம் வனையத் துணைநிற்கும் சக்கரம் துணைக்கருவி. குடமாகவே மாறி, குடத்தினின்று பிரிக்க இயலாதிருக்கும் மண் முதற்கருவி. ‘தேமா’வில் பெர்பேரியனின் குரல் சக்கரமன்று, மண். அக்குரலை அகற்றினால் எஞ்சுவது வெறும் நாடா. ஆயினும் அந்நிலையில் அவரைக் கருத்தா எனல் மிகையாகலாம். வெட்டியதும் ஒட்டியதும் பிறர் கைகளே. அடுத்துவந்த படைப்பு அந்நிலையையும் கடந்தது.

வண்ணங்களுக்குப் பெயரிட்டவர்

1958இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் மிலானுக்கு வந்து அவ்வொலியியல் கூடத்தில் பணிசெய்தார். வெட்டி ஒட்டிய ஒலிநாடா நொடிக்கு நொடி ஒரு குரலினின்று மற்றொரு குரலுக்குத் தாவுவதைப் பெர்பேரியன் வீட்டில் வேடிக்கையாக நடித்துக் காட்டுவது வழக்கம். இயந்திரம் பல மணி நேர உழைப்பால் செய்ததை அவர் தனியொருவராய் ஒரே மூச்சில் செய்தார். கேஜ் அதனைக் கேட்டார்; ‘ஆரியா’ என்னும் படைப்பு பிறந்தது.

அதன் இசைத்தாளில் வழக்கமான சுரக்குறியீடு இல்லை. பல வண்ணக் கோடுகள் வளைந்து செல்கின்றன. சொற்கள் ஆர்மீனியம், உருசியம், இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் என்னும் ஐந்து மொழிகளிலிருந்து சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு வண்ணமும் ஒரு குரல்வகை. ஆனால் எவ்வண்ணம் எக்குரல் என்பதைக் கேஜ் விதிக்கவில்லை. பாடுபவரே தீர்மானித்தல் வேண்டும். பெர்பேரியன் தீர்மானித்தார்: நீலம் ஜாஸ், சிவப்பு ஆழ்ந்த கீழ்க்குரல், மஞ்சள் மேற்சுரங்களில் விரையும் இசைநாடகக் குரல், பச்சை நாட்டுப்புறம், ஊதா திரைநடிகை மார்லீன் டீட்ரிச்சின் குரல், வெளிர்நீலம் மழலை, பழுப்பு மூக்கொலி. இவ்வாறு பத்து வகைகள். இடையிடையே காணும் கறுப்புச் சதுரங்களில், இசையென்று எவரும் கொள்ளாத ஒலிகளைத் தாமே தேர்ந்து எழுப்பினார்.

இங்கு ‘ஆல்’ என்னும் உருபின் பொருள் மாறிவிடுகிறது. ‘கரிகாலனால் கட்டப்பட்டது கல்லணை’ என்கிறோம். கரிகாலன் ஏவுதற்கருத்தா. கல்லைச் சுமந்து அடுக்கிய கைகளுக்குரியோர் இயற்றுதற்கருத்தா. கேஜ் ஏவினார், பெர்பேரியன் இயற்றினார். வரலாறு கரிகாலனை நினைவிற்கொண்டு, கல் அடுக்கியவர்களின் பெயரை மறப்பது புதிதன்று. ஆயின் இங்கே இயற்றியவரின் வீட்டு விளையாட்டே ஏவியவருக்குக் கருவாயிற்று என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

இக்காலத்தை ஒட்டியே எக்கோ ‘திறந்த படைப்பு’ என்னும் நூலை 1962இல் வெளியிட்டார். நிகழ்த்துபவரும் நுகர்பவரும் சேர்ந்தே ஒரு படைப்பை நிறைவு செய்கின்றனர் என்பது அதன் சாரம். கோட்பாடு அவ்வாறு முழங்கியபோதும், இசைத்தாளின் முகப்பில் படைப்பாளர் என்னும் இடத்தில் ஒரு பெயரே அச்சாகியது.

எண்வகை மெய்ப்பாடும் ஒரே மூச்சில்

1960இல் பெரியோ ‘சர்க்கிள்ஸ்’ என்னும் படைப்பை எழுதினார். இ. இ. கம்மிங்ஸின் கவிதைகள் அதன் பாடம். யாழை ஒத்த ஹார்ப்பும் இரு தாளக் கலைஞரும் துணை. அவ்வாண்டு ஆகஸ்டில் டாங்கிள்வுட் விழாவில் பெர்பேரியன் இதனை அரங்கேற்றினார். எழுத்துகளைத் தாளில் சிதறவிட்ட கவிஞருக்கு ஏற்பப் பாடகியும் மேடையில் ஓரிடத்தில் நில்லாமல், கருவி வாசிப்போரை நோக்கி நகர்ந்து, அவர்களின் ஒலியோடு ஒலியாகக் கலந்தார்.

1961இல் வந்த ‘விசாஜ்’ இன்னும் துணிவானது. முகம் என்பது தலைப்பின் பொருள். ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஓடும் இந்நாடாப் படைப்பில் ஒரேயொரு சொல்லே தெளிவாக ஒலிக்கிறது. ‘சொற்கள்’ என்னும் பொருள் தரும் ‘பரோலே’ என்பது அது. எஞ்சியன திக்கல், முனகல், சிரிப்பு, விம்மல், எந்த மொழியும் அல்லாத, ஆயினும் ஏதோ மொழிபோல் மயக்கும் பிதற்றல். பல மொழிகளின் ஓசைப்போக்கை உள்வாங்கிப் பெர்பேரியன் எழுதப்படாமல் அப்போதைக்கப்போது பொழிந்தவை இவை. பெரியோ அவற்றை மின்னணு ஒலிகளோடு தொகுத்தார். வானொலிக்கெனவே ஆக்கப்பட்ட இதனை ஆபாசம் என்று கருதி இத்தாலிய வானொலி ஒதுக்கியது. ஆபாசச் சொல் ஒன்றும் அதில் இல்லை, சொல்லே இல்லை. சொல்லின் துணையின்றியே ஒரு குரல் அவ்வளவையும் சொல்லிவிட்டது என்பதற்கு அத்தடையே சான்றாயிற்று.

‘சீக்வென்சா – மூன்று’ என்னும் தனிக்குரற் படைப்பு 1965-66இல் உருவாகியது. பெரியோவும் பெர்பேரியனும் 1964இல் மணவாழ்விலிருந்து பிரிந்துவிட்டனர். கலைத்தொடர்பு அறுந்துவிடவில்லை. மார்க்குஸ் குட்டர் எழுதிய மிகச் சிறிய பாடம் ஒன்று துண்டுதுண்டாக்கப்பட்டு, ஒன்பது நிமிட அளவில் விரிகிறது. ‘பதற்றமாக’, ‘அவசரமாக’, ‘தொலைவிலிருந்து’, ‘கனவுபோல’ என நாற்பதுக்கும் மேற்பட்ட உணர்ச்சிக் குறிப்புகள், சில நொடிக்கு ஒன்றாய், பாடுபவருக்கு இடப்பட்டுள்ளன. இருமலும் சிரிப்பும் நாச்சொடுக்கும் சுரங்களுக்கு நிகராக இடம்பெறுகின்றன. உள்ளத்து உணர்வு உடலில் தோன்றுவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். அவ்வெண்வகை மெய்ப்பாட்டையும் நொடிக்கொன்றாய் மாற்றி, ஒன்றின் நிழல் மற்றொன்றில் விழாமல் காட்டுதல் இசைப்பயிற்சியால் மட்டும் இயலாது. நடிப்புக் கலையையும் அவர் இளமையிலேயே பயின்றிருந்ததன் பயன் இங்கே வெளிப்படுகிறது.

மொழி அறியாத பாட்டு

பிரிவு நேர்ந்த அதே 1964இல் ‘நாட்டுப்புறப் பாடல்கள்’ என்னும் தொகுதி அமெரிக்காவின் மில்ஸ் கல்லூரியில் அரங்கேறியது. அமெரிக்கா, ஆர்மீனியா, பிரான்சு, சிசிலி, சார்டினியா எனப் பல நிலங்களின் பதினொரு பாடல்கள் அதில் உள்ளன. தம் பெற்றோரின் மொழியை அங்கு அவர் மேடையேற்றினார்.

பதினொன்றாவதாகிய அசர்பைஜான் காதற்பாட்டின் கதை கவிஞர்கள் கருதத்தக்கது. பழைய இசைத்தட்டு ஒன்றில் அப்பாடலைப் பெர்பேரியன் கேட்டார். அம்மொழியில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. தட்டின் கீறலுக்கும் இரைச்சலுக்கும் ஊடே, கேட்ட ஒலிகளைக் கேட்டவாறே எழுத்தில் வடித்துக்கொண்டு பாடினார். ஆகவே அவர் பாடும் பாடத்தை அம்மொழியினரும் முற்றும் பொருள்கொள்ள இயலாது. எனினும் அப்பாட்டின் காதலும் குறும்பும் துள்ளலும் கேட்பவர் எவருக்கும் விளங்குகின்றன. உலகெங்கும் பாடகியர் இன்றும் அவர் செவி வடித்த அப்பாடத்தையே பாடி வருகின்றனர். பொருள் அறியாது ஒருவர் செவிகொண்டு எழுதியது, மூலமாகவே நிலைபெற்றுவிட்டது.

தம் பெயரில் எழுதியவை

நாற்பதாம் அகவைக்குப் பின்னரே பெர்பேரியன் தம் பெயரில் எழுதத் துணிந்தார். 1966இல் ‘புதிய குரலியல்’ பற்றி அவர் இத்தாலிய இதழொன்றில் வெளியிட்ட கட்டுரை, பாடகர் ஒருவர் தம் கலைக்குத் தாமே கோட்பாடு வகுத்த அரிய முயற்சி. விந்தையான ஒலிகளின் பட்டியலே புதிய குரலியல் என்பதை அவர் மறுக்கிறார். பேச்சு, மூச்சு, சிரிப்பு, அழுகை என வாழ்வில் குரல் செய்யும் அனைத்தையும் இசையின் உரிமைப் பொருளாகக் கருதுதலே அது என்பது அவர் கருத்து. பாடகர் கைகட்டி நின்று சுரத்தை மட்டும் ஒப்பிப்பவர் அல்லர். நடிகராகவும் படைப்பாளராகவும் விளங்க வேண்டியவர் என்றும் வாதிடுகிறார்.

அவ்வாண்டிலேயே ‘ஸ்ட்ரிப்சடி’ என்னும் அவரது சொந்தப் படைப்பும் வெளிவந்தது. படக்கதைகளில் அடி, இடி, தும்மல், முத்தம் ஆகியவற்றுக்கு எழுதப்படும் ஒலிக்குறிப்புச் சொற்களை அகரவரிசையில் கோத்து, இடையே சிறுசிறு காட்சிகளைப் பொதிந்து, ஒரே பாடகி நிகழ்த்துமாறு அமைத்தார். ரொபேர்த்தோ சமாரின் வரைந்த ஓவியங்களே அதன் இசைத்தாள். உயர்ந்தது என்றும் தாழ்ந்தது என்றும் கலையைப் பகுக்கும் வேலியை அவர் சிரித்துக்கொண்டே தாண்டினார். 1967இல் பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைப் பழைய பரோக் இசைநாடகப் பாணியில் பாடி இசைத்தட்டாக்கினார். அமெரிக்க நகைச்சுவையாளர் உட்டி ஆலனின் எழுத்துகளை இத்தாலிய மொழியில் பெயர்த்தவர்களுள் அவரும் ஒருவர்.

புதுமைப் பாடகி என்ற முத்திரையோடு அவர் நின்றுவிடவில்லை. மொந்தெவெர்தி 1607இல் இயற்றிய ‘ஓர்ஃபியோ’ இசைநாடகத்தில், நிக்கோலவுசு ஆர்னோன்கூர் நடத்திய குழுவோடு, தூது உரைக்கும் பெண்ணாகப் பாடினார். அப்பதிவு 1969இல் வெளிவந்தது. மணமகள் பாம்பு தீண்டி இறந்த செய்தியை அத்தூதுப்பெண் கொணர்கிறாள். பேச்சாகவும் பாட்டாகவும் தடுமாறும் துயர மொழி அது. மூன்றரை நூற்றாண்டுக்கு முந்திய அம்மொழியும் நேற்றைய ‘விசாஜ்’ மொழியும் ஒரே ஊற்றின் நீர் என்பதை அவர் தம் குரலால் உணர்த்தினார்.

மேடையில் தனித்து நின்றவள்

1972இல் லிஸ்பன் நகரில் அரங்கேறிய ‘ரிசைட்டல் – ஒன்று, கேத்திக்காக’ என்னும் பெரியோவின் படைப்பு அவரது நடிப்பாற்றலுக்கு உரைகல். பாடகி ஒருத்தி மேடைக்கு வருகிறாள். பியானோ வாசிப்பவர் வரவில்லை. பழக்கத்தால் பாடத் தொடங்குகிறாள். வாழ்நாளெல்லாம் பாடிய பாடல்களின் துண்டுகள் நினைவில் ஒன்றோடொன்று மோத, பேச்சும் பாட்டும் குழம்பி, அவள் மனம் மெல்லச் சிதைகிறது. பிறர் எழுதியவற்றையே பாடிப் பாடித் தன் குரல் எது என்று அறியாது போனவளின் அவலம் அது. பெர்பேரியன் அப்பாத்திரத்தை நடித்தார்; அப்பாத்திரமாக ஆகிவிடவில்லை. தம் குரல் எது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இறுதி ஆண்டுகளிலும் அவர் குறும்பு குன்றவில்லை. கார்ல் மார்க்ஸின் நினைவு நூற்றாண்டான 1983இல், தொழிலாளர் உலகப் பண்ணை நடிகை மெரிலின் மன்றோவின் குரற்பாங்கில் இத்தாலியத் தொலைக்காட்சியில் பாட ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முந்திய நாளாகிய மார்ச்சு 6ஆம் நாள், ரோம் நகரில் மாரடைப்பால் மறைந்தார். அகவை ஐம்பத்தேழு. பெரியோ அவர் நினைவாக ‘ரெக்குயெஸ்’ என்னும் இசைப்படைப்பை இயற்றினார். அது குரலே இல்லாத வாத்தியக் குழுப் படைப்பு.

உடனிகழ்ச்சி

பெரியோ பெரும் கலைஞர் என்பதில் ஐயமில்லை. பெர்பேரியனுக்கு உரியதைக் கூறுவதால் பெரியோவுக்கு உரியது குறைந்துவிடாது. குறைவது ஒரு பழக்கமே. எழுத்தில் வடித்தவரை மட்டும் படைப்பாளர் என்று எண்ணும் பழக்கம் அது. எழுதப்படாத மூச்சும், ஏட்டில் அடங்காத தேர்வும் படைப்பே என்பதை, மேடையில் மனோதர்மத்தை மதிக்கும் இசைமரபு அறிந்தோர் எளிதில் உணர்வர். 2014இல் ஆய்வாளர் பலர் சேர்ந்து, தற்காலக் குரலியலின் முன்னோடி என்று அவரைத் தலைப்பிலேயே சுட்டி ஆங்கிலத்தில் நூலொன்று வெளியிட்டனர். அவர் மறைந்து முப்பத்தோராண்டு கழிந்திருந்தது.

மூன்றாம் வேற்றுமையின் மூன்றாவது பொருள் உடனிகழ்ச்சி. ‘அரசனோடு வீரர் வந்தனர்’ என்னுமிடத்து, வந்தவர் இருதிறத்தாரும் ஆவர். ஆயினும் உயர்ந்தது எதுவோ அதனைச் சார்ந்தே ‘ஒடு’ உருபு வரும் என்பது தொல்காப்பிய விதி. ‘பெரியோவோடு பெர்பேரியன்’ என்றே வரலாறு இதுகாறும் எழுதியது. ‘விசாஜ்’ நாடாவைச் செவிமடுத்தவர்கள் ‘பெர்பேரியனோடு பெரியோ’ என்றும் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். தொடர் பிழைபடாது.